பதினோரு மணிக்குப் பன்னிரண்டு முறை

நார்வா ஆற்றுக்கு
கோடையில் அகலம் நூற்றைம்பது மீட்டர்.
குளிர்காலத்தில் ஒரு மணி நேரம்.
எஸ்டோனியாவில் நாங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறோம்,
எதிர்க்கரை ரஷ்யா வைப்பதில்லை.

என் மேசை ஜன்னலோரம்.
கோட்டைக்கு எதிரே கோட்டை,
இரண்டு கரையிலும் தூண்டில்காரர்கள்
ஒருவரையொருவர் பார்க்காமல்
ஒரே மீனுக்குக் காத்திருப்பார்கள்.

ஆர்வோ, ராக்வெரேயில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
கூரை மாற்றச் சேர்த்தது
பதினெட்டாயிரத்து நானூறு யூரோ.
நவம்பரில் ஒரு வியாழன்
“வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்றது ஒரு குரல்,
எங்கள் மொழியில், இந்தப் பக்கத்து இழுவையோடு.
நாற்பது நிமிடம்.
போனை வைத்தபோது கூரை போயிருந்தது.

சிம், லாட்வியாவில் வாங்கியது.
குரல் நுழைந்து வந்த சர்வர்
நான் வரைபடத்தில் மூன்று முறை தேடிய ஒரு தீவு.
பணம் லிஸ்பனில் ஒரு மாணவன் கணக்கில்
ஒன்பது நிமிடம் இளைப்பாறி
நாணயமில்லாத ஏதோ ஒரு நாணயமாகிக் கலைந்தது.

அதற்கு ஒன்பது நிமிடம்.
எனக்கு
முத்திரை, மொழிபெயர்ப்பு, அமைச்சகம்,
முத்திரை மங்கலாக இருப்பதால் மறுபடியும் முத்திரை.
பதினோராம் மாதம் தீவு பதில் எழுதியது,
மிக மரியாதையாக:
பதிவுகளைத் தொண்ணூறு நாள்தான் வைத்திருப்போம்.
மாணவன் அழுதானாம்.
இருநூறு யூரோவுக்கு அட்டையை விற்றவன்,
யாருக்கு என்று அவனுக்கும் தெரியாது.

ஆர்வோ மறதிக்காரர்,
எல்லா அழைப்பையும் பதிவு செய்து வைப்பார்.
வேறெதுவும் மிஞ்சாததால் அதைக் கேட்டேன்.
மறுபடியும் கேட்டேன்.
“கடைசி நான்கு இலக்கம் மட்டும் சொல்லுங்கள்” என்று
அவன் கனிவாய்க் கேட்கும் இடத்தில்
பின்னால், மிகப் பின்னால், ஒரு கோயில் மணி.
எண்ணினேன். பன்னிரண்டு.
பதிவின் நேரத்தைப் பார்த்தேன்.
சரியாகப் பதினொன்று.

ஹெட்போனைக் கழற்றினேன்.
அன்றைய பதினொன்றுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.
ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிரில் உட்கார்ந்திருந்தேன்.
அக்கரையில் அடித்தது,
ஏழாவது அடியில் லேசாகப் பிசிறும்
அதே தொண்டை.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
எனக்கு மஞ்சள்.
மணிக்கூண்டைச் சுற்றி அறுபது எழுபது ஜன்னல்,
மூன்றரைக்கே விளக்குப் போட்டுக்கொண்டு.
கூப்பிடு தூரம்தான்.
கூப்பிடத்தான் எனக்கு அதிகாரமில்லை.
முன்பெல்லாம் அங்கே எழுதினால்
கிடைத்தது என்றாவது ஒரு வரி வரும்.

படிவத்தில் ஐபி முகவரிக்குக் கட்டம் உண்டு,
மணியோசைக்கு இல்லை.
ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.
தாலினில் யாரோ பென்சிலால் கேட்டிருந்தார்கள்:
எந்த மணி?

ஜனவரியில் ஆர்வோ வந்தார்.
பள்ளி விடுமுறை, பேருந்துக்கு வேலையில்லை.
ஆள் யார் என்று கேட்கவில்லை.
“எந்த நாடு என்றாவது தெரிந்ததா?” என்றார்.
ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம்.
விசாரணையில் இருக்கும் வழக்கு.
“தூரம்” என்றேன்.

தலையாட்டினார்.
கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறாராம்,
காற்றடித்தால் படபடவென்று
கப்பலில் படுத்திருப்பதுபோல் இருக்கிறதாம்.
சிரித்தார்.
பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி சாய்த்தார்.

மணி அடித்தது.

ஏழாவது அடியில்
அவர் கை சாய்ந்தபடியே நின்றுவிட்டது.
காபி மூடி நிரம்பி, என் கையுறையில் வழிந்து,
பனியில் பழுப்பாய் ஒரு துளை போட்டது.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.

மீதி ஐந்தையும்
ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று
எண்ணினோம்.